வீட்டுக்கோழி ஏன் பெருகுவதில்லை?

ஒரு நாட்டுப்பெட்டை ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அடை வைத்தால் இருபத்தொரு நாளில் எட்டுக் குஞ்சாவது இறங்கும். ஆண்டுக்கு மூன்று ஈடு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், மூன்று பெட்டை உள்ள வீட்டில் வருடத்துக்கு எழுபது குஞ்சுக்கு மேல் பொரிந்தாக வேண்டும். அவற்றில் பாதி பெட்டை என்றால் மறுவருடம் கொல்லையில் கால் வைக்க இடமிருக்காது. அப்படி எந்த ஊரிலும் நடப்பதில்லை. விற்றதையும் அறுத்ததையும் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. வருடக் கடைசியில் எண்ணினால் பெரும்பாலான வீடுகளில் பழையபடி அந்த ஐந்து பத்து உருப்படிகளே நிற்கின்றன.

எங்கே போகின்றன அந்தக் குஞ்சுகள்? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக விடை சொல்லப்பட்டு வருகிறது. இனம் மட்டம் என்றார்கள், நோய் என்றார்கள், பருந்து, கீரி என்றார்கள், தீனி போதவில்லை என்றார்கள். கேள்வியே தவறு என்று சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு துறை, ஒரு காலம், பல நேரம் ஓர் அரசுத் திட்டம் நிற்கிறது.

நாட்டு அளவில் புறக்கடைக் கோழி குறையவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 31.7 கோடிப் புறக்கடைக் கோழியினங்களைக் காட்டியது. இது 2012ஐவிட ஏறத்தாழ 46 விழுக்காடு அதிகம். இந்த உயர்வில் எவ்வளவு வீட்டில் அடைவைத்துப் பொரித்தது, எவ்வளவு பொரிப்பகத்திலிருந்து வந்து இறங்கியது என்பதை மொத்த எண்ணிக்கை சொல்லாது. நம் கேள்விக்கோ அந்த வேறுபாடுதான் முக்கியம்.

இனத்தின் மீது பழி

இந்த நூறாண்டு விவாதத்தில் மிகப் பழைய விடை இது. 1920களில் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம், ஊர்க்கோழிக்கு மாற்றாக வெள்ளை லெக்கார்னைப் பரப்ப முயன்றது. முட்டையைத் தரம் பார்த்துக் கூட்டாக விற்கவும் ஏற்பாடு செய்தது. ஊர்க்கோழி சிறியது, குறைவாக இடுகிறது, அதனால் ஏழைக்குப் பயன் குறைவு என்பது அன்றைய வாதம். விடுதலைக்குப் பின் இதே வாதம் அரசுப் பண்ணைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போனது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரிராஜா, ஐதராபாத்திலிருந்து வந்த வனராஜா, கிராமப்பிரியா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழிகள் எல்லாம் இந்த வழியில் வந்தவை. முந்தைய தவறு ஒன்றிலிருந்து இவற்றை உருவாக்கியவர்கள் பாடம் கற்றிருந்தார்கள். வெள்ளைக் கோழி திறந்த வெளியில் எளிதாகப் பருந்தின் கண்ணில் படும், சந்தையிலும் பண்ணைக்கோழி விலைக்கே போகும். ஆகவே புதிய இனங்கள் பல நிறங்களில் வந்தன.

முட்டைக் கணக்கில் இந்த இனங்கள் வெல்கின்றன. ஊர்க்கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது இடும் இடத்தில் இவை நூறைத் தாண்டுகின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதிகம் இடும் கோழியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கும்போது அடைக்கு உட்காரும் குணம் மங்கிவிடுகிறது. அடையில் உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால் முட்டைக் கணக்குக்கு அது நட்டம். வீட்டுக்காரிக்கோ அடைக்கோழிதான் பொரிப்பகம், அதுவே குஞ்சுகளுக்குக் காவல். அடை உட்காராத கோழியை வாங்கியவள் அடுத்த தலைமுறைக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டும், அல்லது அடுத்த திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். உடம்பு கனத்த கோழி பறந்து மரத்தில் அடையாது, நாய் துரத்தினால் கூரை ஏறாது. தீனியும் கூடுதலாகக் கேட்கும்.

தமிழகத்தில் ஏழைப் பெண்களுக்கு விலையின்றிக் குஞ்சு கொடுத்த திட்டங்களிலும் இதே நெருடல் தெரிகிறது. கொட்டகையில், விளக்குச் சூட்டில், தட்டில் வைத்த தீவனம் தின்று சில வாரம் வளர்ந்த குஞ்சு பருந்தின் நிழலைப் பார்த்துப் பதுங்கக் கற்றிருக்காது. தாய் கொக்கரித்தால் ஓடி ஒளிய வேண்டும் என்று தெரிய அதற்குத் தாயே இல்லை. கொடுத்த எண்ணிக்கையை அரசு ஏடுகள் எண்ணிவைக்கின்றன. ஓராண்டு கழித்து எத்தனை மிஞ்சின என்பது அதே அக்கறையோடு எண்ணப்படுவதில்லை.

இனவாதிகள் முன்வைக்கக்கூடிய நல்ல சான்று வங்கதேசத்தின் சொனாலி. ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்தின் ஃபயூமிப் பெட்டையையும் சேர்த்து எடுத்த கலப்பு அது. நாடு முழுக்கப் பரவியது உண்மை. ஆனால் காலப்போக்கில் அது கொல்லையை விட்டுச் சிறு கொட்டகைகளுக்குள் போய் இறைச்சிக் கோழியாகிவிட்டது. நம் ஊர்ச் சந்தையில் ‘நாட்டுக்கோழி’ என்ற பெயரில் விற்கும் ‘கிராஸ்’ கோழிகளின் கதையும் அதே. மேம்படுத்திய இனம் வெற்றி பெறும் இடத்தில் புறக்கடை வளர்ப்பு பண்ணை வளர்ப்பாக மாறிவிடுகிறது. இதை விடை என்று ஏற்பதா, கேள்வியை விட்டு நகர்ந்தது என்று கொள்வதா?

கழிச்சல்

கோழி வளர்க்கும் பெண்களைக் கேட்டால் முதலில் சொல்வது வெள்ளைக்கழிச்சலைத்தான். காலையில் ஒன்று தலை தொங்க நிற்கும், கழுத்து திருகும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூன்று நான்கு நாளில் கூடு காலி. 1926இல் ஜாவாவிலும், 1927இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இது அறிவியல் ஏட்டில் ஏறியது. மறு ஆண்டு குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் பதிவானது. இந்தியாவில் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு நிலைத்தது. 1940களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் உருவான தடுப்பூசி வகை இன்றும் புழக்கத்தில் உள்ளது. தமிழகத்துக்கான தடுப்பூசிகள் ராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகின்றன. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி, எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு இறக்கையடியில் இலவசமாக ஊசி போடுகிறது. வெயில் ஏறும்போது நோயும் ஏறும் என்ற அனுபவத்தை ஒட்டி அமைந்த காலம் அது.

நோய்தான் தடை என்பவர்களின் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட. ஒரே வாரத்தில் கூட்டம் முழுவதையும் அழிக்கக்கூடியது வேறெதுவும் இல்லை. அழியும் என்று தெரிந்தவர் காசு போடமாட்டார், கூடு கட்டமாட்டார், தீனி வாங்கமாட்டார். ஆகவே முதலில் ஊசி, பிறகு மற்றவை.

தடுப்பூசி இருந்தும் நோய் ஏன் நிற்கவில்லை? இங்கே மருந்தைவிட அதன் பொதி முக்கியமாகிறது. குப்பிகள் நூறு, இருநூறு கோழிக்கு அளவெடுத்தவை. பனிக்குளிரில் வைத்திருக்க வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவர் தெருவையே திரட்டினால்தான் ஒரு குப்பி வீணாகாது. பண்ணையில் எல்லாக் கோழிக்கும் ஒரே வயது. ஒரே நாளில் வேலை முடியும். வீட்டிலோ அடையில் ஒன்று, நேற்றுப் பொரிந்தவை எட்டு, விடலைப் பருவத்தில் நான்கு, முட்டையிடும் பெட்டை இரண்டு. பிப்ரவரியில் ஊசி போட்டபின் மார்ச்சில் பொரிந்த குஞ்சுக்கு அந்த முகாமால் நேரடிப் பலன் இல்லை. ஊசி போடும் அன்று விடியுமுன் கூட்டைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதுகூடச் சிறிய காரியமல்ல. வேப்பமரத்தில் அடையும் கோழியை ஊசிக்காரர் வரும் பத்து மணிக்கு யார் பிடிப்பது?

இந்த நடைமுறைத் தடைகளைக் குறிவைத்தே வெயில் தாங்கும் தடுப்பு மருந்துகள் வந்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோ குழுவினர் உருவாக்கிய ஐ-2 மருந்து மொசாம்பிக் கிராமங்களில் கண்ணில் சொட்டு விடும் முறையில், ஆண்டுக்கு மூன்று தடவை, ஊர்க்காரர்களையே பயிற்றுவித்துக் கொடுக்கப்பட்டது. வங்கதேசத்தில் அதற்கு முன்பே கிராமப் பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு கோழிக்கு ஊசி போடும் ஏற்பாடு பெரிய அளவில் நடந்தது. தீனியோடு கலந்து கொடுக்கும் குருணை மருந்தைத் தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகமும் உருவாக்கியது. இவை பயன் தருகின்றன என்பதில் பெரிய ஐயம் இல்லை. ஊசியாளருக்குக் கூலி யார் கொடுப்பது, திட்டம் முடிந்தபின் மருந்து யார் கொண்டுவருவது என்ற இடத்தில்தான் இவை தடுக்கி விழுகின்றன.

மஞ்சள், சீரகம், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பவர்கள் தனி அணி. தமிழகத்தில் மரபுக் கால்நடை மருத்துவத்தைப் பல்கலைக்கழகமே கையிலெடுத்த பிறகு இதற்கு மதிப்புக் கூடியிருக்கிறது. அம்மைக் கொப்புளத்துக்கு வேப்பிலையும் மஞ்சளும் பூசுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிச்சல் கூட்டத்துக்குள் நுழைந்தபின் இந்த உருண்டைகள் அதை நிறுத்துகின்றனவா என்பதற்கு, ஊசிக்கு இருக்கும் அளவு சான்று இல்லை என்றே மதிப்பிட வேண்டியிருக்கிறது. பிழைத்த கோழி மருந்தால் பிழைத்ததா, தானாகப் பிழைத்ததா என்று ஒரு வீட்டின் பத்துக் கோழியை வைத்துச் சொல்ல முடியாது.

நோயைச் சமாளிக்காமல் கோழியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹோண்டுராஸ் எடுத்துக்காட்டு. மிக ஏழைக் குடும்பங்களுக்குச் சொத்தும் பயிற்சியும் கொடுத்து ஆறு நாடுகளில் நடத்திய பெரிய சோதனையின் முடிவுகளை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் பலன் நன்றாக இருந்தது; ஹோண்டுராஸில் சறுக்கியது. அங்கே பெரும்பாலான குடும்பங்கள் தேர்ந்தெடுத்தது கோழி. அவற்றில் பல நோயில் மாண்டன.

பருந்தும் கீரியும்

குறுந்தொகையின் 139ஆம் பாட்டில், மாலையில் வேலியோரம் வெருகு வர, ஒளிய இடம் தெரியாத பெட்டைக்கோழி குஞ்சுகளை அலறி அழைப்பதை ஒக்கூர் மாசாத்தியார் உவமையாக்கியிருக்கிறார். இந்த விடை அவ்வளவு பழையது. கால்நடைத் துறையின் கவனம் கழிச்சல் மீது குவிந்ததால் இது பின்னுக்குப் போனது. கிராமக் கோழி பற்றிய ஆய்வுகள் பலவற்றில் சாவு மிகுதியாக விழுவது முதல் எட்டு வாரத்துக்குள். அந்த வயதில் கொல்வது பருந்து, காகம், பூனை, கீரி, மழை ஈரம், குளிர்.

இதற்கு மரபான விடை பஞ்சாரம். மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தாயையும் குஞ்சையும் முதல் சில வாரம் காப்பது. மலிவானது, பலன் தெரிந்தது. ஆனால் அடைத்தால் மேயமுடியாது; தீனியைக் கையால் போட வேண்டும். திறந்துவிட்டால் தீனி இலவசம், குஞ்சு பருந்துக்கு. பானையில் சாணியும் கந்தலும் அடைத்துக் கவிழ்த்து வைத்து, மறுநாள் கரையானைக் குஞ்சுக்குக் கொட்டும் பழக்கம் இந்த இடைவெளியை அடைக்க வந்த நுட்பம். அதைத் தினமும் செய்ய ஆள் வேண்டும்.

தீனி எவ்வளவோ அவ்வளவு கோழி

இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமான விடை இலங்கையிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் குணரத்ன, ராபர்ட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இலங்கைக் கிராமங்களில் மேய்ந்து வந்த கோழிகளின் இரைப்பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு வீட்டுக் கழிவு: சோறு, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, நொய், காய்கறி நறுக்கல். மீதி புல் நுனி, நெல், மண்புழு, எறும்பு, நத்தை. கோழி காடுமேடெல்லாம் மேய்ந்து தானே பிழைக்கிறது என்ற நம்பிக்கை இங்கே உடைந்தது. அது பெரும்பாலும் அடுக்களையை நம்பிப் பிழைக்கிறது.

இதிலிருந்து ராபர்ட்ஸ் ஒரு கணக்கைக் கட்டினார். ஓர் ஊரில், ஒரு வீட்டைச் சுற்றி ஒரு நாளில் கிடைக்கும் இரைக்கு அளவுண்டு. அந்த அளவு எத்தனை கோழியைத் தாங்குமோ அத்தனை நிற்கும். அதற்கு மேல் பொரிந்தவை ஏதோ ஒரு பெயரில் சாகும். வலுத்த கோழி குப்பைமேட்டில் கொத்தித் தள்ள, இளைத்த குஞ்சு தூரம் போய் மேய்ந்து பருந்துக்கு இரையாகும். அல்லது நோயில் முதலில் விழும். இறப்புக்கு எழுதும் காரணம் பருந்து. அதை அங்கே அனுப்பியது பசி. இந்தக் கோணத்தில் பார்த்தால் நோயைத் தடுத்தாலும், இனத்தை மாற்றினாலும் கூட்டம் ஓரளவுக்கு மேல் பெருகாது. அவரது யோசனை பலருக்கு வியப்பாக இருந்தது: முட்டையை எல்லாம் அடை வைக்காதீர்கள், பெரும்பகுதியைச் சாப்பிடுங்கள் அல்லது விற்றுவிடுங்கள், வைத்த சில குஞ்சுக்கு, குஞ்சு மட்டும் நுழையக்கூடிய தட்டியடைப்புக்குள் தனித்தீனி போட்டு அவற்றையாவது பிழைக்க வையுங்கள்.

இந்த விடையின் பலம், மற்ற விடைகளைத் தனக்குள் அடக்கிக்கொள்வது. பலவீனமும் அதுவே. எல்லாச் சாவையும் பசியின் கணக்கில் எழுதினால் மறுக்க வழியில்லாமல் போகிறது. கழிச்சல் இளைத்த கோழி, கொழுத்த கோழி பார்த்து வருவதில்லை. மேலும் இரையின் அளவு நிலையானது அல்ல. பட்டினப்பாலையில் முற்றத்தில் உலர்த்திய தானியத்தைத் தின்ன வரும் கோழி மீது பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அதைச் செல்வத்தின் அடையாளமாகப் படித்துப் பழகிவிட்டோம். கோழியின் பக்கமிருந்து படித்தால் அது தீனி வரலாறு. இன்று நெல் அறுவடை எந்திரத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. களத்துமேடு குறைந்தது, முற்றத்தில் அவிப்பதும் உலர்த்துவதும் அருகிவிட்டன, வீட்டில் உரலும் முறமும் ஓய்ந்தபின் தவிடும் நொய்யும் ஆலையோடு நின்றுவிட்டன. மறுபக்கம் ரேஷன் அரிசிச் சோறு மிஞ்சுகிறது. கூட்டிக்கழித்தால் ஒரு சராசரித் தமிழகக் கிராம வீட்டைச் சுற்றி இரை கூடியதா குறைந்ததா? இலங்கையில் பார்த்ததுபோல் இரைப்பையைத் திறந்து பார்க்காமல் இதற்கு ஊகம்தான் சொல்ல முடியும்.

பெருகத்தான் வேண்டுமா?

2016இல் பில் கேட்ஸ், மிக வறிய ஒருவராக இருந்தால் தான் கோழி வளர்ப்பேன் என்று எழுதி, ஒரு லட்சம் கோழி கொடுக்க முன்வந்தார். ஐந்து பெட்டையில் தொடங்கினால் மூன்று மாதத்தில் நாற்பது குஞ்சு, கடைசியில் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் என்பது அவர் போட்ட கணக்கு. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் வந்த அதே கணக்குத்தான். பொலிவியா அரசு கோழி வேண்டாம் என்று முகத்துக்கு நேரே மறுத்தது. பொருளியல் அறிஞர் கிறிஸ் பிளாட்மன் 2017இல் வேறு வகையாக மறுத்தார்: கோழிக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவைப் பணமாகவே கையில் கொடுத்துப் பாருங்கள், எது நல்லது என்று சோதியுங்கள் என்றார். ஏழைக்கு என்ன வேண்டும் என்று அவரே முடிவுசெய்யட்டும் என்பது இந்த அணியின் அடிப்படை.

பெண்களின் பொருளாதாரத்தை ஆராய்பவர்கள் கேள்வியை இன்னொரு முனையிலிருந்து பிடிக்கிறார்கள். கோழி பெண்ணின் சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டு வாங்க ஒரு சேவல், விருந்தாளி வந்தால் ஒரு விடைக்கோழி, கைமாற்றுத் தீர்க்க இருபது முட்டை. யாரிடமும் கேட்காமல் விற்கலாம். விற்ற காசு யார் கண்ணையும் உறுத்தாத அளவு சிறியது. கூடையளவு இருக்கும்வரை அது அவளுடையது. இருநூறு கோழியாகிக் கொட்டகை, கடன், லாரி என்று வந்துவிட்டால் வங்கிப் புத்தகமும் வியாபாரமும் ஆண் கைக்குப் போவது பல நாட்டு ஆய்வுகளில் காணப்படும் போக்கு. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. வங்கதேசத்தில் பெண்களே நடத்திய சிறு பண்ணைகள் உண்டு. என்றாலும், பெருகாமை சில வீடுகளில் தோல்வியாக இல்லாமல் தேர்வாகவே இருக்கலாம் என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியாது. பத்துக்கு மேல் போனால் பக்கத்து வீட்டு நாற்றங்காலைக் கிளறிச் சண்டை வரும் என்பதும் அந்தத் தேர்வில் ஒரு காரணமே. பெருக்கும் ஆசையை விற்றவர்களிடம் 2012 வாக்கில் ஈரோட்டுப் பக்கம் ஈமுவுக்கும் நாட்டுக்கோழிக்கும் சேர்த்தே ஒப்பந்தம் போட்டுப் பணம் இழந்தவர்கள் இந்த வாதத்தை இன்னும் எளிதாக ஒப்புக்கொள்வார்கள்.

இந்த அணியின் குறை, வறுமையை விவேகம் என்று பெயர் மாற்றிவிடும் அபாயம். ஊசியும் தீனியும் கைக்கெட்டிய பிறகும் ஒருத்தி பத்துக் கோழியோடு நிறுத்திக்கொண்டால் அதைத் தேர்வு எனலாம். கிடைக்காததால் நிறுத்திக்கொண்டதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

குறைக்கச் சொன்னவர்கள்

2003க்குப் பிறகு பறவைக்காய்ச்சல் ஆசியாவில் பரவியபோது எதிர்த்திசையில் ஒரு குரல் எழுந்தது. பன்னாட்டு உணவு, வேளாண் அமைப்பு கோழி வளர்ப்பை நான்கு பிரிவாக வகுத்தது. காவலற்ற நான்காவது பிரிவில் வீட்டுக்கோழி வைக்கப்பட்டது. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் முதலில் கண்டறியப்பட்டதும், 2008இல் மேற்கு வங்கக் கிராமங்களில் லட்சக்கணக்கில் கோழிகள் அழிக்கப்பட்டதும் இந்தப் பார்வைக்கு வலுச் சேர்த்தன. சிறு உழவர்களுக்காகப் பேசும் கிரெய்ன் போன்ற அமைப்புகள் இதைத் தலைகீழாக்கி, நெருக்கி அடைத்த பண்ணைகளும் அவற்றின் வணிகப் போக்குவரத்துமே நோயைப் பரப்புகின்றன என்றன. இரண்டுக்கும் ஓரளவு சான்று இருக்கிறது. நட்ட ஈடு தாமதமாகவும் குறைவாகவும் வரும் இடத்தில் வீட்டுக்காரர் நோயைச் சொல்லாமல் கோழியைச் சந்தைக்கு அனுப்புவார் என்பதை மட்டும் இரு அணியும் மறுக்கவில்லை.

தீராதவை

விடைகளை அடுக்கிப் பார்க்கையில் அவை ஒன்றை ஒன்று மறுப்பதைவிட, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதாகத் தோன்றுகிறது. கழிச்சலைத் தடுத்த ஊரில் குஞ்சுச் சாவு கண்ணில் படுகிறது. பஞ்சாரத்தால் குஞ்சைக் காத்தால் தீனி இடிக்கிறது. தீனி வாங்கத் தொடங்கினால் அது கொல்லைக் கோழியாக இருப்பதில்லை. இந்த வரிசை எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தேங்காய்ச் சக்கை மிஞ்சும் குமரி மாவட்டத்துக்கும் வானம் பார்த்த இராமநாதபுரத்துக்கும் முதல் தடை வேறாக இருக்க வாய்ப்புண்டு. இன மேம்பாட்டுக்குச் செலவான பணத்தில் ஒரு பங்காவது குப்பியைச் சிறிதாக்கவும் ஊசியாளருக்குக் கூலி கொடுக்கவும் போயிருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்று இதுவரையுள்ள சான்றுகளை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் உறுதி இல்லை.

கழிச்சல் கிருமி இரண்டு கோடைகளுக்கு நடுவில் எங்கே தங்குகிறது என்பது ஊர் அளவில் இன்னும் தெளிவாகவில்லை. பத்துக் கோழிக் கூட்டத்தில் அது நீடிப்பது கடினம். ஒவ்வோர் ஆண்டும் சந்தையிலிருந்து புதிதாக வருகிறதா, பக்கத்து ஊர்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்பதைப் பொறுத்து, ஊசியை வீடுவீடாகக் கொண்டுபோவதா, வாரச்சந்தை வாசலில் நிற்பதா என்ற முடிவே மாறும். வீட்டுக்கோழியின் செலவுக் கணக்கில் இன்னும் யாரும் சரியாக விலை போடாத ஒன்று, காலையில் கூடு திறந்து, கரையான் பானை கவிழ்த்து, காகம் விரட்டி, மாலையில் எண்ணி அடைக்கும் பெண்ணின் நேரம். நூறு நாள் வேலையும் பனியன் கம்பெனி வேனும் ஊருக்குள் வந்தபின் அந்த நேரத்துக்கு வெளியே ஒரு கூலி இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்த்தால் இருபதாவது கோழி லாபமா நட்டமா என்பதற்கு இப்போதைக்கு நம்பத்தக்க விடை கிடையாது.